சிறுதேரும் அதன் சிற்றுறுப்புக்களும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, அவற்றின் முடிவில் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். பெரியோர் உலகில் எது பெரிதாயும் வலிதாயும் பலரும் வியக்க ஓடுகின்றதோ, அதனையே கையளவாகச் சுருக்கி முற்றத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புதல் மக்கட்கு இயல்பு. தேர் ஓடிய காலத்தில் சிறுவர் தேரை உருட்டினர். புகைவண்டி வந்தபின் தகரப் புகைவண்டியை ஓட்டினர். போர்க்களத்தில் டாங்கிகள் உருளத் தொடங்கிய பின்னர் அவையும் விளையாட்டுப் பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. இவ்வியல்பு சிலரைப் பிள்ளைப் பருவத்தோடு விட்டு நீங்கும்; சிலரிடத்து நரை தோன்றிய பின்னும் நிலைத்திருக்கும். நான் பிந்திய கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆகவே, சில ஆண்டுகளாக மாலைப் பொழுதுகளில் நான் செய்துவரும் ஒரு சிறுதேரைப் பற்றியும், அதன் சிற்றுறுப்புக்கள் எனக்குக் கற்பித்தவற்றைப் பற்றியும் நம் கல்லூரி மலரில் எழுதத் துணிந்தேன்.

அச்சிறுதேர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய ஷெர்மன் டாங்கியின் உருவம். ஷெர்மன் இனத்தில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ‘எம்-4 ஏ-4’ என்பது, 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை அடுத்துக் கிறைஸ்லர் கம்பெனியார் நடத்திய தொழிற்சாலையில் 7,499 எண்ணிக்கையாகச் செய்யப்பெற்றது. நான் செய்வது அதன் பதினாறில் ஒரு பங்கு அளவுடையது. கையிலுள்ள சிறு பெட்டியின் நெம்புகளை அசைத்தால், ரேடியோ அலை சென்று வண்டிக்குள் இருக்கும் கருவியை ஏவும், வண்டி முன்னும் பின்னும் செல்லும், கோபுரம் சுழலும், பீரங்கிக் குழல் ஏறி இறங்கும். இத்தகைய வண்டிகள் கடையிலேயே கிடைக்கும். ஆயினும் கடைவண்டி பலரும் ஓட்டி விளையாடுதற்பொருட்டு வார்த்தெடுக்கப்பட்டதாகலின், அதன் நுண்ணுறுப்புக்கள் தடித்தும் மழுங்கியும், சில முற்றும் இல்லாமலும் இருக்கும். அன்றியும் எனக்குக் கிடைத்தது ஷெர்மன் இனத்தின் வேறொரு வகை. ஆதலின் அதன் அடிச்சட்டத்தையும் மின்சார மோட்டார்களையும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தகடும் கம்பியும் கொண்டு நானே செய்யலானேன்.

இவ்வேலையைக் கண்ட என் நண்பர் ஒருவர், வேதசாஸ்திரம் பயின்றவர், ஒருநாள் என்னை நோக்கி, “சமாதானத்தைப் போதிக்கும் கல்லூரியிற் படித்தவர் நீர். ஏர் செய்யலாம், தறி செய்யலாம், கொலைக்கருவியின் உருவத்தை இத்தனை அன்போடு இழைத்து இழைத்துச் செய்வது தகுமோ?” என்று வினவினார். வினா நேர்மையானது, அதனை நகைத்துத் தள்ள என் மனம் இசையவில்லை. உடனே கூறத்தக்க விடையும் என்னிடம் இல்லை. வேலையே ஒருநாள் விடை தரும் என்று எண்ணி மேலும் செய்துவந்தேன். அவ்விடை கிடைத்த வகையைச் சொல்லுமுன், வேலையின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

முதற்கண் அளவு. பதினாறில் ஒரு பங்கு என்பது கணக்கிற்கு மிக எளியது. உண்மையில் ஓர் அடியாய் இருப்பது உருவத்தில் முக்கால் அங்குலம்; ஆறடி மனிதன் நாலரை அங்குலம். டாங்கியின் நீளம் ஆறு மீட்டருக்குச் சிறிது மிகுதியாகலின், உருவத்தின் நீளம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். ஆனால் எடை இவ்வாறு குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் தனித்தனியே பதினாறில் ஒன்றாகக் குறையுமிடத்து, எடை 4,096-இல் ஒன்றாகக் குறைந்துவிடும். ஏறக்குறைய 31½ டன் எடையுள்ள டாங்கி, அதே எஃகினால் அமைந்தாலும், இவ்வளவில் ஏழரைக் கிலோகிராமிற்குச் சிறிதே மிகும். என் வண்டி பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனமையின் அதிற் பாதியே உடையது. ஆதலால் மேடுபள்ளங்களில் அது டாங்கியைப் போல அழுந்திச் செல்லாமல் ஆட்டுக்குட்டியைப் போலத் துள்ளும். துள்ளலை அடக்க அடித்தளத்தில் ஈயத் துண்டுகளை வைத்தேன். வேகத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. உண்மை டாங்கி நல்ல சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும். உருவம் இரண்டரைக் கிலோமீட்டர் ஓடினாற் போதும். அது முதியவர் ஒருவர் உலாவும் நடை. கடைவண்டியின் வேகத்தைப் பற்சக்கரங்கள் மாற்றிக் குறைத்த பின்னரே, அதன் ஓட்டத்தில் கனம் தோன்றியது.

இனி வேலைக்குரிய பொருள்கள். அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை கனமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, பித்தளைத் தகடு, பித்தளைக் கம்பி, பழைய மின்சார ஒயரின் செம்பு இழை, மாத்திரை அட்டையிலிருந்து உரித்த மெல்லிய அலுமினியத் தாள், மூங்கிற் சிம்பு இவையே. கருவிகளும் மிகச் சில: கூரிய கத்தி, எஃகு அளவுகோல், நுண்ணிய அரங்கள், உப்புத்தாள், இடுக்கி, கையாற் சுழற்றும் துளையூசி, வெர்னியர் அளவி, ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல். செம்பு இழைகளை முறுக்கினால் வண்டியை இழுக்கும் கம்பிவடம் ஆகும். மூங்கிற் சிம்பைச் சீவினால் மண்வாரியின் காம்பும் கோடரியின் காம்பும் ஆகும். மாத்திரைத் தாளைக் கீற்றாக நறுக்கி வளைத்தால் அக்கருவிகளைப் பிணைக்கும் தோல்வார் ஆகும். டாங்கியின் மூக்குப் பகுதி மூன்று வார்ப்புக்களைத் திருகாணிகளால் இணைத்து அமைந்தது. அத்திருகாணித் தலைகளுக்காக அறுகோணப் பிளாஸ்டிக் கம்பியை, வெண்டைக்காய் நறுக்குவது போல மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து ஒட்டவேண்டும். மூச்சு வலிதாக விட்டால் வில்லை பறந்துபோம். இவ்வேலை பொறுமையைக் கற்பிக்கும் பள்ளி என்பதில் ஐயமில்லை.

கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் உருவத்திற்கும் ஓடும் உருவத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னதற்கு அழகு போதும். பின்னதற்கு உறுதியும் வேண்டும். ஓடும் வண்டி நாற்காலிக் காலில் முட்டும், செடியின் வேரில் ஏறும், ஓயாது அதிரும். ஆகவே விளக்குகளைக் காக்கும் வளைவுகளைப் பிளாஸ்டிக்கினாற் செய்யாது பித்தளைக் கீற்றினாற் செய்து, மேற்றகட்டைத் துளைத்து உட்புறமாகச் செருகி ஒட்டினேன். உண்மை டாங்கியிலும் அவ்வளைவுகள் மரக்கிளையும் சுவரும் விளக்கை உடைத்துவிடாமற் காப்பதற்கே அமைந்தவை. என் வண்டியில் அவை அத்தொழிலையே செய்கின்றன. ஓர் உறுப்பு உருவத்தால் மாத்திரமன்றித் தொழிலாலும் தன் முதலை ஒத்திருக்குமாயின் அதனினும் இனியது வேறில்லை.

இனிக் கூறுவது முக்கியமானது. நிழற்படத்தைப் பார்த்து எந்த உறுப்பையும் செய்துவிடலாம் என்று இவ்வேலைக்குப் புதியோர் எண்ணுவர். அஃது இயலாது. நிழற்படம் ஒரு பக்கத்தையே காட்டும். மறுபக்கத்தை அறிவுதான் காட்டவேண்டும். ஓர் உறுப்பு எதற்காக அங்கே இருக்கின்றது என்பதை அறிந்தாலன்றி, அது எவ்விடத்தில் தடிக்கும், எவ்விடத்தில் மெலியும், எப்பக்கம் திறக்கும், எதனோடு பிணையும் என்பன விளங்கமாட்டா.

சான்றாக, இவ்வகை டாங்கியின் பின்புற மேற்றளத்தில் ஒரு புடைப்பு உண்டு; அடித்தளத்திலும் ஒன்று உண்டு. பார்ப்பவர்க்கு அவை காரணமற்ற வீக்கங்களாகத் தோன்றும். காரணம் பின்வருமாறு: அக்காலத்தில் ஷெர்மனுக்கு வைத்த எஞ்சின் ஆகாய விமானத்திற்கு உரியது. விமானங்கள் பெருகப் பெருக, டாங்கிகளுக்கு வேறு எஞ்சின் தேட நேர்ந்தது. கிறைஸ்லர் பொறியாளர், மோட்டார் காருக்குரிய ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் ஐந்தினை ஒரே கூட்டைச் சுற்றிப் பொருத்தி, 30 சிலிண்டர் உடைய ஓர் எஞ்சினை ஆக்கினர். அது நீண்டு பருத்தமையின் டாங்கியின் உடலையும் நீட்டினர்; சக்கரத் தொகுதிகளை விலக்கி வைத்தனர்; ஒரு பக்கத்துச் சங்கிலிப் பட்டைக்கு 79 கண்ணிகள் போதியிருக்க, இதற்கு 83 வேண்டியதாயிற்று. அவ்வெஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியும் நீர்ப்பெட்டியும் பெரியவை. அவற்றிற்கு இடங்கொடுக்கவே மேலும் கீழும் புடைப்புக்கள் எழுந்தன. இவ்வரலாற்றை அறிந்த பின்னரே, அப்புடைப்பின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பது என் கைக்குத் தெரிந்தது.

சக்கரத் தொகுதியின் வில்லும் அத்தகையதே. ஷெர்மனின் வில் சாதாரணக் கம்பிச்சுருள் அன்று. அகன்ற எஃகுப் பட்டையைச் சுருட்டி, நடுவை மேலே இழுத்தாற் போன்றது. கடற்கரையில் சுண்டல் விற்போர் காகிதத்தைச் சுருட்டிக் கூம்பாக்கும் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் அழுத்தும்போது ஒரு சுற்று மற்றொரு சுற்றினுள் இறங்கும். ஆதலின் சிறிய இடத்திற் பெரிய பாரத்தைத் தாங்கும். பக்கத்திற்கு மூன்று தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு விற்களாக மொத்தம் பன்னிரண்டு. மெல்லிய பித்தளைப் பட்டையைக் கூம்பான கோலிற் சுற்றிப் பன்னிரண்டையும் செய்தேன். பித்தளை அந்த அளவிற் பாரந்தாங்காதாகையால், பேனாவினுள் இருப்பதைப் போன்றதும் அதனினும் தடித்ததுமான எஃகுச் சுருள் ஒன்றை ஒவ்வொன்றின் உள்ளும் மறைத்து வைத்தேன். வண்டி ஒரு செங்கல்லின் மேல் ஏறும்போது சக்கரங்கள் ஒவ்வொன்றாய் எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வண்டியைத் திருப்புவதிலும் ஓர் உண்மை உண்டு. என் வண்டியில் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு மோட்டார்கள் இருத்தலால், ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் ஓட்டி, நின்ற இடத்திலேயே பம்பரம்போற் சுழற்றலாம். உண்மை ஷெர்மனால் அவ்வாறு சுழல முடியாது. அதன் பற்சக்கர அமைப்பு ஒரு பக்கத்தின் வேகத்தைக் குறைத்து மறுபக்கத்தைக் கூட்டுமேயன்றி, எதிர்த்திசையில் ஓட்டாது. முற்றும் திரும்ப அதற்கு 60 அடிக்கு மேற்பட்ட விட்டமுள்ள வட்டம் வேண்டும். ஆகவே நானும் முற்றத்தில் நான்கடி வட்டமிட்டே திருப்புகின்றேன். குறுகிய தெருவொன்றில் திரும்ப இடமின்றி, பின்னே நகர்ந்து நகர்ந்து முயன்ற ஓட்டுநனின் இடர்ப்பாடு அப்பொழுது சிறிது விளங்குகின்றது.

இவ்வாறு ஒவ்வோர் உறுப்பையும் ‘நீ ஏன் இருக்கின்றாய்?’ என்று கேட்டுக்கொண்டே வந்தபோது, பக்கச் சுவரின் மேல் ஒட்டவேண்டிய மூன்று தகடுகளை அடைந்தேன். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வடிவில் எளியவை, ஓர் அங்குலக் கனம். நம் அளவில் ஒன்றரை மில்லிமீட்டர் தகடு ஏறத்தாழப் பொருந்தும். நறுக்கி ஒட்டிச் சுற்றிலும் வெல்டிங் தழும்பு அமைக்க அரைமணி நேரம் போதும். ஆனால் அவை சுவர் முழுவதையும் மூடாமல் அம்மூன்று இடங்களில் மாத்திரம் இருப்பதேன்?

அவ்விடங்களின் உட்புறத்திலேதான் பீரங்கிக் குண்டுகளை அடுக்கும் பெட்டிகள் இருந்தன. டாங்கிக்குள் 97 குண்டுகள் கொள்ளும். பக்கச் சுவரின் கனம் ஒன்றரை அங்குலமே. பகைவர் குண்டு அதனைத் துளைத்து உள்ளிருக்கும் குண்டுகளைத் தீண்டினால், அவற்றின் மருந்து பற்றிக்கொள்ளும். அடிபட்ட ஷெர்மன்கள் எரிவதற்குப் பெட்ரோலே காரணம் என்று முதலிற் பலர் எண்ணினர்; உள்ளிருந்த வெடிமருந்தே பெருங்காரணம் எனப் பின்னர்த் தெளிந்தனர். தெளிந்தவர் செய்த முதல் மருத்துவம் அம்மூன்று தகடுகள். 1944-ஆம் ஆண்டு முதல், புதிதாகச் செய்த ஷெர்மன்களில் குண்டுகளைத் தளத்தின் அடியில் இறக்கி, அவற்றைச் சுற்றி நீர்ப்பெட்டிகளை வைத்தனர். 1945-இல் அமெரிக்கப் படையினர் நடத்திய ஆராய்ச்சியில், பழைய முறையில் அமைந்தவற்றுள் அடிபட்டவை நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்தன என்றும், நீர்ப்பெட்டி வைத்தவற்றுள் 10 முதல் 15 வரையே எரிந்தன என்றும் கண்டனர். நான் செய்யும் வகையின் உற்பத்தி 1943-இலேயே நின்றுவிட்டது. நீர்ப்பெட்டி அதற்குக் கிட்டவில்லை. அதற்குக் கிட்டியது தகடு ஒன்றே.

இதனை அறிந்த இரவில் அம்மூன்று தகடுகளையும் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். எத்தனையோ பேர் எரிந்த பின்னர் எழுதப்பட்ட மூன்று வரிகள் அவை.

அதன்பின் என் கண் மாறியது. கோபுரத்தின் மேல் முதலில் ஒரே வாயில் இருந்தது, அது தலைவனுடையது. உள்ளே இருந்த மூவருள், குண்டு நிரப்புவோன் பீரங்கியின் மறுபுறத்தில் இருந்தான். தீப்பற்றினால் தலைவனும் குறிபார்ப்போனும் ஏறிய பின்னரே அவன் வெளியேற இயலும். அவன் தலைக்கு மேல் நீள்வட்டமான இரண்டாம் வாயில் ஒன்றைப் பின்னரே திறந்தனர். அச்சிறு கதவின் கீலைச் செய்வோன் அவனை நினையாமல் எவ்வாறு செய்வான்?

ஒருநாள் உறுப்புக்களை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்த்தேன். கொல்லுதற்கென்று அமைந்தவை ஒரு பீரங்கியும் சில யந்திரத் துப்பாக்கிகளுமே. ஏனைய நூற்றுக்கணக்கானவை பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் தோண்டுவதற்கும் இழுப்பதற்கும், மழையையும் சேற்றையும் தடுப்பதற்கும், உள்ளிருக்கும் ஐவரை உயிரோடு வைத்திருப்பதற்கும் அமைந்தவை.

இவ்வகை ஷெர்மன்கள் நம் நாட்டவர் வாழ்வையும் தொட்டவை. அன்று பர்மா என வழங்கிய நாட்டில், 1945-ஆம் ஆண்டு, 255-ஆவது இந்திய டாங்கிப் படையணியினர் இவற்றிலேறி ஐராவதியைக் கடந்து, 17-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவினருடன் மெய்க்டிலா நகரை நோக்கிச் சென்றனர். மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் அந்நகரைக் கைப்பற்றினர். அதனைக் காத்துநின்ற ஜப்பானியரிடம் டாங்கியைத் துளைக்கும் பீரங்கிகள் குறைவு. ஆதலால் அவர்களுள் சிலர் மண்ணிற் குழி தோண்டி அதனுள் அமர்ந்து, விமானத்திலிருந்து வீசும் பெருவெடியை முழங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, டாங்கி தலைக்கு மேல் வரும்போது அதனைத் தட்டி வெடிக்கச் செய்யக் காத்திருந்தனர். டாங்கியின் அடித்தளம் முன்புறத்தில் ஓரங்குலமும் பின்புறத்தில் அரையங்குலமுமே கனமுடையது. அவ்வெஃகிற்கு மேலே ஐந்து இந்தியர். கீழே குழிக்குள் ஒரு ஜப்பானியன். இரு சாராரும் ஒரு தாயின் வயிற்றிற் பிறந்து வளர்ந்தவர்களே. நம் அளவில் அவர்களைப் பிரித்த தகடு இரண்டு மில்லிமீட்டரும் இல்லாத பிளாஸ்டிக்.

அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன், ஏழு வயதினன், என் வண்டி ஓடுவதைக் காண அடிக்கடி வருவான். ஒருநாள் கோபுரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்து, “மாமா, இதற்குள்ளே ஆட்கள் எங்கே உட்காருவார்கள்?” என்று கேட்டான். உள்ளே பாட்டரியும் பற்சக்கரப் பெட்டியும் ரேடியோக் கருவியும் நிறைந்திருந்தன, ஆளுக்கு இடமில்லை. ஓட்டுநன் இடப்பக்கம், அவன் துணைவன் வலப்பக்கம், ஏனைய மூவர் கோபுரத்தில் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். “தீப்பிடித்தால்?” என்றான் அவன்.

அவ்வினாவிற்கு விடையாக ஓர் உறுப்பு உண்டு. ஷெர்மனின் அடித்தளத்தில், ஓட்டுநனின் துணைவன் இருக்கைக்குப் பின்னே, ஒரு சிறு கதவு இருக்கும். மேல்வாயில்களைத் திறக்க முடியாத வேளையில், நெம்பை இழுத்தால் அது கீழே விழும். ஒரு மனிதன் தரையோடு தரையாய் ஊர்ந்து வெளியேறலாம். கடைவண்டியில் அக்கதவு இல்லை. அவ்விடத்தை ஒட்டிப் பாட்டரி மாற்றும் மூடி இருந்தது. மூடியை மேற்றளத்துக்கு மாற்றி, மின்கம்பிகளை வேறு வழியாகக் கொண்டுசென்று, பெரிய தபால்தலை ஒன்றின் அளவான அக்கதவைப் பித்தளையினாற் செய்து பொருத்தினேன். வண்டி நிலத்தில் நிற்கும்வரை அதனைக் காண்பார் ஒருவரும் இல்லை. ஆயினும் வண்டி முழுவதிலும் நான் மிகுந்த நாள் உழைத்த உறுப்பு அதுவே.

வேதசாஸ்திரம் பயின்ற என் நண்பர் அண்மையில் வந்தபோது வண்டியைக் கவிழ்த்து அதனைக் காட்டினேன். பீரங்கியைப் பார்த்து முகஞ்சுளித்த அவர், அக்கதவைத் தடவிப் பார்த்து, “இஃது உள்ளேயிருந்து திறப்பதா, வெளியேயிருந்தா?” என்று கேட்டார். “உள்ளேயிருந்து” என்றேன். அவர் பழைய வினாவை மீண்டும் எழுப்பவில்லை. நானும் அதற்கு விடை கூறிவிட்டதாகப் பெருமை கொள்ளவில்லை. போர்க்கருவியை நான் போற்றவில்லை. அதனுள் அடைபட்டிருந்தவரை மறவாதிருக்க என் கைக்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவே.

நம் மாணவருள் கைவேலையில் விருப்பமுடையோர் பலர் இருப்பர். அவர்கள் டாங்கியையே செய்யவேண்டும் என்பதில்லை. ஆற்று மதகாயினும், அச்சு யந்திரமாயினும், நெல் அரைக்கும் பொறியாயினும் ஆகுக. ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மிகச் சிறிய உறுப்பைப் பார்த்து, ‘நீ ஏன் இருக்கின்றாய்?’ என்று கேட்டு, விடை கிடைத்த பின்னரே கத்தியைக் கையில் எடுங்கள். விடையைத் தேடிச் செல்லும் வழியில் மனிதர் யாரையேனும் சந்திப்பீர்கள். அவரை அறிந்த பின்னர்ச் செய்யும் உறுப்பு நன்றாகவே அமையும்.